ஆணுக்கும் பெண்ணுக்கும் வயிறு ஒன்றுதானா?

(மின்னிதழ் வாசகர்களுக்காக அரசு மருத்துவமனை இரைப்பை, குடல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் வேலை நாளில் பாதி புறநோயாளிகள் பிரிவில் போகும், மீதி எண்டோஸ்கோபி அறையில் போகும். ஓபியில் உட்கார்ந்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஆண் நோயாளி வந்தால் பெரும்பாலும் மனைவியோ அம்மாவோ கூட வந்திருப்பார். "டாக்டர், இவருக்கு ரெண்டு மாசமா சாப்பாடு சரியா இறங்கல" என்று அவர்தான் பேசுவார். பெண் நோயாளி தனியாக வருவார். "கேஸ்தாங்க மேடம், ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க, பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துரும்" என்பார்.

இந்த இரண்டு காட்சிகளும்தான் இன்றைய பேச்சின் பொருள். வாயிலிருந்து முன்சிறுகுடல் வரை உள்ள பாதையை மேல் உணவுப் பாதை என்கிறோம். அதில் வரும் நோய்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் வருவதில்லை. நோய் வந்த பிறகு பரிசோதனை அறை வரை வந்து சேரும் வழியும் இருவருக்கும் ஒன்றாக இல்லை.

முதலில் நெஞ்செரிச்சலை எடுத்துக்கொள்வோம். இரைப்பையில் இருக்கும் அமிலம் மேலே உணவுக்குழாய்க்கு ஏறுவதுதான் எதுக்களிப்பு. இந்தத் தொந்தரவு ஆண், பெண் இருவருக்குமே சகஜம். ஆனால் குழாய்க்குள் ஸ்கோப் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆண்களுக்கு உணவுக்குழாயின் உட்சுவர் புண்ணாகியிருப்பதை அதிகம் பார்க்கிறோம். பெண்களில் பலருக்கு எரிச்சல் கடுமையாக இருக்கும், உள்ளே புண் இருக்காது. அமில எதுக்களிப்பால் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் வரும் ஒருவகைப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம். இரைப்பைப் புற்றுநோயும் ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. புகை, மது, வயிற்றைச் சுற்றிச் சேரும் தொப்பை எல்லாம் காரணம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பெண்களுக்கு ஓரளவு பாதுகாப்புத் தருவதாகவும் கருதப்படுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பு குறையும். எனவே "எனக்கு இருபது வருஷமா இருக்கிற நெஞ்செரிச்சல்தானே" என்று ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் வரும் நெஞ்செரிச்சல் வேறு கதை. ஹார்மோன் மாற்றத்தால் உணவுக்குழாயின் கீழ்வாய் தளர்கிறது, வளரும் கருப்பை கீழிருந்து அழுத்துகிறது. குழந்தைக்கு முடி நிறைய இருப்பதால் எரிகிறது என்று பாட்டிமார் சொல்வதுண்டு, அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே போய்விடும். அவசியம் இருந்தால் ஒழிய அந்த நேரத்தில் எண்டோஸ்கோபி செய்ய மாட்டோம்.

அடுத்தது அல்சர். காரம் சாப்பிட்டதால், கவலைப்பட்டதால் அல்சர் வருகிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் வயிற்றில் அழற்சி வந்ததைக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முன்சிறுகுடல் அல்சர் ஆண்களுக்கே அதிகம் என்பது பழைய அனுபவம். இன்று வயதான பெண்களிடமும் அல்சரைப் பார்க்கிறோம். முக்கியக் காரணம் மூட்டுவலி, முதுகுவலிக்காக மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள். டைக்ளோபினாக், இபுபுரூஃபன் போன்றவற்றை வெறும் வயிற்றில், மாதக்கணக்கில் போட்டால் இரைப்பை புண்ணாகும். புண்ணிலிருந்து ரத்தம் கசியும். வலியே தெரியாமல்கூடக் கசியும்.

இங்கே பெண்களுக்கு மட்டும் ஓர் ஆபத்து இருக்கிறது. ரத்தம் கசிந்தால் மலம் கறுப்பாகப் போகும். இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுப்பாகப் போகும். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதனால் "மாத்திரையாலதான் கறுப்பா போகுது" என்று விட்டுவிடுகிறோம். தார் மாதிரிப் பிசுபிசுப்பாக, கெட்ட வாடையோடு போனால் அது பெரும்பாலும் ரத்தம். அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, அல்லது ஓர் ஆணுக்கு, இரும்புச் சத்துக் குறைந்தால் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். அந்தத் தேடலில் எண்டோஸ்கோபி முக்கியமானது.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். நாற்பதுகளில் இருந்த ஓர் அம்மா, ரத்தசோகைக்காக வேறு பிரிவிலிருந்து அனுப்பப்பட்டு வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. சாப்பாடு எப்படி இறங்குகிறது என்று கேட்டேன். "கஞ்சி நல்லா இறங்குது" என்றார். இட்லி? தண்ணீர் குடித்தால் இறங்கும். தோசை, சப்பாத்தி? "அதெல்லாம் விட்டு மூணு வருஷம் ஆச்சுங்க." கூட வந்திருந்த மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில் இருந்தும் அவருக்குத் தெரியாது. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்ன சாப்பிடுகிறார், எப்படி விழுங்குகிறார் என்று யார் பார்ப்பார்கள்?

ஸ்கோப்பில் பார்த்தபோது உணவுக்குழாயின் மேல்முனையில் மெல்லிய திரை போல ஒரு சவ்வு வளர்ந்து வழியை அடைத்திருந்தது. நீண்ட காலம் இரும்புச் சத்துக் குறைந்த நடுத்தர வயதுப் பெண்களுக்கு அதிகம் வரும் நோய் இது. சவ்வை விரித்துவிட்டோம், இரும்புச் சத்தும் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து வந்தவர், தோசை சாப்பிட்டதைத்தான் முதலில் சொன்னார். இந்த நோய் உள்ளவர்களுக்குத் தொண்டைப் பகுதியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் தொடர்ந்து வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன்பே அந்த அம்மா வந்திருக்கலாம். அல்லது யாராவது கூட்டி வந்திருக்கலாம்.

எண்டோஸ்கோபி முடிவு "நார்மல்" என்று வருவதும் பெண்களிடம் அதிகம். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், மேல்வயிறு உப்பும், வலிக்கும். புண்ணும் இருக்காது, கட்டியும் இருக்காது. இதைச் செயல்பாட்டு அஜீரணம் என்கிறோம். இரைப்பை மெதுவாக இயங்குவதாலும், அதன் நரம்புகள் சின்ன விரிவையும் வலியாக உணர்வதாலும் வருகிறது. "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, எல்லாம் நடிப்பு" என்று வீட்டில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நார்மல் என்றால் ஆபத்தான நோய் இல்லை என்றுதான் அர்த்தம், வலி இல்லை என்று அர்த்தம் இல்லை. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. சாப்பிட்ட பின் வலது மேல்வயிற்றில் பிடித்து இழுக்கும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். அதுவும் பெண்களுக்கு அதிகம். எண்டோஸ்கோபியில் தெரியாது, ஸ்கேன் வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாரடைப்பு வரும்போது எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதில்லை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மேல்வயிற்று எரிச்சல், குமட்டல், முதுகு வலி, காரணமில்லாத அசதி என்று வரலாம். திடீரென்று வேர்வையோடு, மூச்சு வாங்கலோடு "கேஸ்" பிடித்தால் சோடா வாங்க ஓடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். முதலில் ஈசிஜி, வயிற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எண்டோஸ்கோபிக்கு ஏன் தயங்குகிறார்கள்? பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையே சொல்கிறேன்.

"துணியைக் கழற்றணுமா?" வேண்டாம். புடவையோ சுடிதாரோ அப்படியே இருக்கலாம். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் போதும். ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

"வலிக்குமா?" சுண்டுவிரல் பருமனுள்ள வளையும் குழாய் அது. தொண்டை மரத்துப்போக மருந்து தெளிப்போம். குமட்டல் வரும், மூச்சு அடைக்காது. வெறுமனே பார்க்க ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். பயம் அதிகம் என்றால் மயக்க ஊசி பற்றிக் கேளுங்கள். அப்படிப் போட்டுக்கொண்டால் துணைக்கு ஒருவர் வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது.

"வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணுமா?" 18 வயது நிரம்பிய பெண்ணின் உடலுக்கு அவருடைய கையெழுத்தே போதும். துணைக்கு மகளோ, அக்காவோ, பக்கத்து வீட்டுக்காரரோ யாரும் வரலாம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

முந்தைய இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள்.

ஆண்களுக்கும் இரண்டு வார்த்தை. நீங்கள் வலியைச் சொல்லத் தயங்கும் ரகம் இல்லை, சொல்லிவிட்டு மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளும் ரகம். குடி, புகை, புகையிலை மூன்றும் உணவுக்குழாய்க்கு எதிரி. குடியால் ஈரல் சுருங்கினால் உணவுக்குழாயின் ரத்தக் குழாய்கள் வீங்கி வெடிக்கலாம். வாளியில் ரத்த வாந்தி எடுத்து வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான். உயிர் பிழைக்கும் நேரம் மிகக் குறைவு.

கையில் இருக்கும் செல்போனை இதற்கெல்லாம் பயன்படுத்தலாம். பழைய ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். மாத்திரை பெயர் தெரியாமல் "மஞ்சள் கலர் மாத்திரை" என்று சொன்னால் எங்களுக்குக் கஷ்டம். சந்தேகம் இருந்தால் 104-ல் கேட்கலாம். இ-சஞ்சீவனி செயலியில் மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. விவரங்களுக்கு 1800 425 3993. ரீல்ஸ் பார்த்து மருந்து சாப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்த வாந்தி, கறுப்பு மலம், விடாத வாந்தி, ரத்தசோகை, ஐம்பதுக்கு மேல் புதிதாக வரும் அஜீரணம். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

இன்று இரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று பாருங்கள். அவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். "சாப்பாடு நல்லா இறங்குதாம்மா?" என்று கேளுங்கள். பதில் "கஞ்சி நல்லா இறங்குது" என்றிருந்தால், நாளைக்கே கூட்டி வாருங்கள்.