கிராம முன்சீப்பின் ஏடு: போர்க்காலக் கரிசல் காட்டில் பிறப்பும் இறப்பும்



இந்த நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரோடு அச்சிலும் சண்டை போட்டிருக்கிறேன், தேநீர்க் கடையிலும் போட்டிருக்கிறேன். அது தெரிந்தும் தலைமையுரைக்கு என்னை அழைத்தது அமைப்பாளர்களின் பெருந்தன்மை. தலைமையுரைக்குக் கேள்வி நேரம் கிடையாது என்ற ஒரே தைரியத்தில் தொடங்குகிறேன்.

அழைப்பிதழில் அச்சிட்டிருக்கும் பொருள், 1939 முதல் 1945 வரை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் பொதுச் சுகாதாரமும் பிறப்பு இறப்புக் கணக்கும். இதன் பாலபாடத்தை இந்த அவைக்கு நான் ஒப்பிக்க வேண்டியதில்லை. 1899-ஆம் ஆண்டின் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், கிண்டி கிங் நிலையத்து அம்மைப்பால், ராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் காலத்தில் வந்த 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், 1943 அக்டோபரில் அமைத்து 1946-இல் அறிக்கை தந்த போர் (Bhore) குழு. அந்தக் குழுவே நாட்டின் பிறப்பு இறப்புப் புள்ளிவிவரம் நம்பத் தகுந்த நிலையில் இல்லை என்று எழுதிவிட்டது. எல்லோரும் அதை முதல் அடிக்குறிப்பில் மேற்கோள் காட்டுகிறோம். இரண்டாவது பக்கத்திலிருந்து அதே புள்ளிவிவரத்தை வைத்து வரைபடம் போடுகிறோம்.

நான் பேச வந்தது இந்த வழக்கத்தைப் பற்றித்தான். மதுரை நண்பர் ஒருவர், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லாவிட்டாலும் கோபித்துக்கொள்வார், பல ஆண்டுகளாக ஒரு கருத்தைச் சலிக்காமல் சொல்லி வருகிறார். சுகாதார இயக்குநரின் அச்சான ஆண்டறிக்கையில் மாவட்ட விகிதம் இருக்கிறது. கிராம ஏடுகளில் பிழை மலிந்திருக்கிறது. பிழைகள் மாவட்ட அளவில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே அச்சான எண்ணே போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டுமானால் அவை இரண்டு பக்கமும் சாய வேண்டும். இறந்தவரை ஊர் ஏட்டில் எழுதாமல் விட்ட கிராம முன்சீப் உண்டு. இறக்காதவரை இறந்ததாக எழுதிய முன்சீப்பை நான் எந்த ஏட்டிலும் பார்த்ததில்லை.

அந்த விகிதத்தின் கீழ் எண்ணான மக்கள்தொகையையும் பாருங்கள். 1941 மார்ச்சில் எடுத்த குடிக்கணக்கைப் போரின் காரணமாக முழுதாக அட்டவணைப்படுத்தவில்லை. வயதுவாரிக் கணக்குக்கு ஐம்பதுக்கு ஒரு சீட்டு என்று எடுத்து வைத்த மாதிரிதான் மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு ஒரு தாலுகாவின் வயதுவாரி இறப்பை எப்படிச் சொல்வது? தலைகளைக் கூட்டியதோடு சரி. அந்தத் தலைகளும் 1941-இல் இருந்த இடத்தில் 1942-இல் இல்லை.

ஜப்பான் விமானங்கள் 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. நம் கரிசல் காட்டில் ஒரு குண்டும் விழவில்லை. போர் இங்கே வேறு வாசல்களில் நுழைந்தது. 1942 மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தது. அன்று இந்த வட்டாரங்கள் அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பர்மாவுக்குப் போய்ப் பிழைத்தவர்கள் எத்தனை வகை என்று இந்த அவைக்குத் தெரியும்: வட்டிக்கடைக்காரர், அவர் கடையின் கணக்குப்பிள்ளை, சமையற்காரர், துறைமுகக் கூலி, வயற்கூலி. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காடும் மலையும் நடந்து மணிப்பூருக்கும் அசாமுக்கும் வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் ஏராளம். அந்தச் சாவுகள் எந்த ஏட்டில் இருக்கின்றன? சாவு நடந்த இடத்தில் பதிவதுதான் சட்டம். காட்டில் முன்சீப் கிடையாது. ஊரில் இருந்த குடும்பம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு நாளைக் குறித்துக் கருமாதி செய்தது. ஊர் ஏட்டில் அந்த ஆள் சாகவே இல்லை. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் கதையும் இதுவே.

மறுபக்கம், உயிரோடு திரும்பியவர்கள் ஊரின் தலைக்கட்டைக் கூட்டினார்கள். அவர்களில் ஒருவர் இங்கே வந்து இறந்தால் மேல் எண்ணில் ஏறுவார். 1941-இல் அவர் இங்கே இல்லாததால் கீழ் எண்ணில் இருக்கமாட்டார். ஆக விகிதம் ஒரு காரணத்தால் ஏறுகிறது, இன்னொரு காரணத்தால் இறங்குகிறது. எது எவ்வளவு என்று அச்சான பக்கம் சொல்லாது. இந்த மாவட்டத்தை 1910-இல் உண்டாக்கிய பிறகு நெடுங்காலம் அதன் கலெக்டர் கச்சேரியே மதுரையில்தான் இருந்தது. மாவட்ட விகிதத்தில் அவ்வளவு நம்பிக்கை வைக்கும் மதுரை நண்பருக்கு இந்த ஒற்றுமை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

நண்பருக்கு இன்னொரு வாதமும் உண்டு. பர்மா அரிசி நின்றது தஞ்சாவூருக்கும் மலபாருக்கும் சென்னை நகரத்துக்கும் இழப்பாக இருக்கலாம். கம்பும் சோளமும் வரகும் குதிரைவாலியும் தின்ற கரிசல்காட்டுக்காரனுக்கு அதில் என்ன என்பார். குலுக்கையில் கம்பு வைத்திருந்த சம்சாரிக்குச் சரி. அருப்புக்கோட்டையின் தறிக்காரருக்குக் குலுக்கை ஏது? அவர் வாரக் கூலியில் தவசம் வாங்கியவர். அரிசி தின்றவர்கள் சோளத்துக்கு இறங்கியபோது சோளத்தின் விலை ஏறியது. அதே சமயத்தில் நூல் கிடைக்கவில்லை. 1943 ஜூனில் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நூல் இல்லாத தறியில் கூலி இல்லை. கூலி இல்லாத வீட்டில் கஞ்சி இளகிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தை செத்தால் காரணம் என்று எழுத ‘பட்டினி’க்குக் கட்டம் கிடையாது.

இருந்த கட்டங்கள் உங்களுக்குத் தெரிந்தவை: காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கும் சீதபேதியும், சுவாச நோய், பிற. பெரியம்மையையும் காலராவையும் ஊரில் யாரும் தவறவிடமாட்டார்கள். மற்றவை எல்லாம் காய்ச்சலுக்குள் போய் விழும். மலேரியா அதில்தான், பிரசவத்துக்குப் பின் வந்த ஜன்னி அதில்தான், டைபாய்டும் அதில்தான். 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனது. உலகத்தின் கொயினாவில் மிகப் பெரும் பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் இருந்த சின்கோனாத் தோட்டங்கள் அந்த இடத்தை நிரப்பக்கூடியவை அல்ல. ஆகவே போர் நடுவில் காய்ச்சல் கட்டத்தில் ஏற்றம் தெரிந்தால் அது கொசுவின் வேலையா, கொயினாத் தட்டுப்பாடா, பசியா, அல்லது முன்சீப்பின் சோம்பலா என்று கேட்க வேண்டும். அச்சான அறிக்கையில் இதற்கு விடை தேடுவது வீண். கிராம ஏட்டில் தேடினால், சில வேளைகளில் கிடைக்கும்.

நான் பார்த்த ஓர் ஏட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த முன்சீப்பின் பேரன்மார் இன்னும் அங்கே இருக்கிறார்கள். காக்கி அட்டை, கரையான் அரித்த முதுகு. மாசி, பங்குனி மாதங்களில் மூன்று நான்கு வரிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மையில். பிறகு சித்திரை முழுக்க வெறுமை. வைகாசியில் ஜமாபந்திக்குத் தாசில்தார் வரப்போகிறார் என்ற வாரத்தில், ஒரே கையெழுத்தில், ஒரே நீல மையில், எழுத்துக்கூடச் சாயாமல் பன்னிரண்டு பதிவுகள். பன்னிரண்டு பேரும் காய்ச்சலில் செத்திருக்கிறார்கள். பெரியவர்களின் வயது முப்பது, நாற்பது, ஐம்பது என்று பூஜ்ஜியத்தில்தான் முடிகிறது. தலையாரியைத் திண்ணையில் உட்காரவைத்து, ‘போன மழைக்குப் பிறகு யார் யார் போனது சொல்லுடா’ என்று கேட்டு எழுதியது அப்பட்டமாகத் தெரிகிறது. இதைக் குறை என்பார் நண்பர். நான் இதைச் சான்று என்கிறேன். மறதியின் அளவு அந்த மையில் இருக்கிறது. சித்திரையின் வெறுமையையும் வைகாசியின் பன்னிரண்டையும் சேர்த்துக் கூட்டி மாவட்ட எண்ணாக்கிவிட்டால் அது தொலைந்துவிடும்.

அந்தப் பன்னிரண்டில் ஒரு வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. குழந்தை சாகாத ஊரா அது? பிறந்த சில நாளில் போன சிசுவுக்குப் பெயர் வைத்திருக்கமாட்டார்கள். பிறப்பையும் எழுதியிருக்கமாட்டார்கள், இறப்பையும் எழுதியிருக்கமாட்டார்கள். இரண்டும் விட்டுப்போனால் சிசு மரண விகிதம் அழகாக இறங்கும். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-இல் வக்கீல் வீட்டில் பிறந்த ரமணருக்கு நாள் தெரியும், நேரம் தெரியும், ஆருத்ரா தரிசனத்து இரவு என்பதும் தெரியும். ஜாதகம் எழுதும் வீடு அது. ஜாதகம் எழுதாத வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்த தேதியைத் தந்தவர் தலைமையாசிரியர். அதனால்தான் நம் தாத்தாக்களில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறார்கள்.

இன்னொன்றைச் சொன்னால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். பிறப்பு இறப்பு ஏட்டைக் கவனிக்க ஆளில்லை, வசதியில்லை என்று எழுதுகிறோம். இதே வட்டாரத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் 1947-இல் ஒழியும்வரை அமலில் இருந்தது. அந்தச் சட்டப்படி ரேகை பதிந்தவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்பது வரைக்கும் கணக்கு இருந்தது. ஒருவர் இரவு ஊரில் இல்லை என்றால் விடிவதற்குள் தெரிந்துவிடும். அவருடைய பிள்ளை வாந்திபேதியில் போனால் ஜமாபந்திவரை தெரியாது. வசதிக் குறைவு என்று இதைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அரசாங்கத்துக்கு எந்தக் கணக்கு வேண்டியிருந்ததோ அது சரியாக இருந்தது.

சரி, விட்டுப்போனவர்களை எப்படி எண்ணுவது? சந்திரசேகரனும் டெமிங்கும் 1949-இல் வெளியிட்ட முறையை எல்லோரும் பாடமாகப் படித்திருக்கிறோம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர் சுகாதார மையத்தில் எடுத்த கணக்கிலிருந்து பிறந்த முறை அது. ஒன்றையொன்று சாராத இரண்டு பட்டியல் வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: முதல் பட்டியலில் 40 பேர், இரண்டாவதில் 30 பேர், இரண்டிலும் இருப்பவர் 20. அப்படியானால் இரண்டிலும் விட்டுப்போனவர் 10, உண்மை எண்ணிக்கை 60. முன்னொரு கருத்தரங்கில் இதே நண்பர், அம்மை குத்துகிறவர் வைத்திருந்த ஏட்டை இரண்டாவது பட்டியலாகக் கொள்ளலாம் என்றார். கைதட்டலும் வாங்கினார். அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்ததும் முதலில் கேட்பது முன்சீப்பின் பிறப்பு ஏட்டை. அதைப் பார்த்துத்தான் குழந்தையைத் தேடுவார். முதலாவதைப் பார்த்து எழுதிய இரண்டாவது பட்டியல் எப்படித் தனிச் சாட்சி ஆகும்? இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். விடுபட்டவர் கொஞ்சம்தான் என்று கணக்கு வரும். முன்சீப்புக்கு நற்சான்றும் கிடைத்துவிடும். அன்று நேரமில்லை என்று என்னை உட்காரவைத்துவிட்டார்கள். இன்று சொல்லிவிட்டேன்.

சாராத பட்டியல் வேண்டுமானால் கோயில்களுக்குப் போகலாம். மாதா கோயில்களிலும் சீர்திருத்தச் சபைகளிலும் ஞானஸ்நானப் புத்தகமும் அடக்கப் புத்தகமும் இருக்கின்றன. பாதிரியார் முன்சீப்பைக் கேட்டு எழுதுவதில்லை. ஒரு சமூகத்தாரை மட்டும் காட்டும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சமூகத்தாரில் எத்தனை பேரை முன்சீப் விட்டார் என்று தெரிந்தால் ஊர் முழுமைக்கும் ஒரு கீழெல்லை கிடைக்கும். இன்னொரு சாராத சான்றும் உண்டு. கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் ஆராய்ந்து 1918-இல் நூலாக வந்த கிராமங்களில் நம் மாவட்டத்து வடமலைபுரமும் ஒன்று. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்தக் கிராமங்களை மறு ஆய்வு செய்து 1940-இல் வெளியிட்டார்கள். போர் தொடங்கும் தறுவாயில் ஓர் ஊரின் குடும்பங்களை நேரில் பார்த்து எழுதிய கணக்கு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பொருளாதாரக்காரர்கள் மட்டும் புரட்டுகிறார்கள்.

வங்காளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். 1943 பஞ்சத்தில் செத்தவர் சுமார் 15 லட்சம் என்று பஞ்ச விசாரணைக் குழு கணக்கிட்டது. சாவைப் பதிய வேண்டிய சௌக்கிதார்களே செத்தும் ஊரைவிட்டு ஓடியும் போயிருந்தார்கள். குழுவில் இருந்த அய்க்ராய்டு பின்னாளில் அந்த எண் குறைவு என்று ஒப்புக்கொண்டார். அமர்த்தியா சென் 1981-இல் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். நம் வட்டாரத்தில் அப்படி ஒரு பஞ்சம் வந்தது என்று நான் சொல்லவில்லை. வரவில்லை என்று அச்சான விகிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்கிறேன்.

1980-இல் கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தபோது அவர்களிடம் இருந்த ஏடுகள் கைமாறின. சில தாலுகா அலுவலகத்து அலமாரிக்குப் போயின, சில கிராம நிர்வாக அலுவலரின் பெட்டியில் இருக்கின்றன, சில கரையானுக்குப் போய்விட்டன. ஓய்வூதியத்துக்கோ வாரிசுச் சான்றுக்கோ யாராவது நகல் கேட்டு வரும்போது மட்டும் வெளியே வருகின்றன. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஓரம் உதிர்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் 1939 முதல் 1945 வரையிலான பிறப்பு இறப்பு ஏடுகளைப் பெயர்களை மறைத்துப் படமெடுத்துப் பாதுகாக்க அனுமதி கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு இந்தக் கருத்தரங்கு எழுத வேண்டும். நாளை மாலைத் தீர்மானங்களில் இதை முதலாவதாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்மொழிபவனாக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். வழிமொழிய மதுரை நண்பரை அழைக்கிறேன்.