வேலையை விட்டு எழுதப் போகும் பிள்ளைகள்

(பைக்காராவில் நடந்த பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் ஒரு தகப்பனார் மகனை அழைத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். மகன் நம் கல்வி உதவியில் நான்கு ஆண்டு பொறியியல் படித்தவர். இப்போது கோவையில் மென்பொருள் வேலை, நல்ல சம்பளம். "அதை விட்டுட்டுக் கதை எழுதப் போறானாம், பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தப் போறானாம். உங்க உதவியில படிச்ச பையன், நீங்களே கேளுங்க பாய்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நாமும் யோசிக்காமல், "சமுதாயப் பணத்தில் படித்துவிட்டு இப்படிச் செய்யலாமா தம்பி?" என்று கேட்டுவிட்டோம். பையன் பதில் பேசவில்லை. அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. அவசரப்பட்டுவிட்டோம் என்று தோன்றியது.

நம் ஊரில் பொறியாளர் என்றால் தனி மரியாதை உண்டு. 1932இல் பைக்காரா நீரிலிருந்து மின்சாரம் எடுத்த நாள்முதல் இந்த மலை பொறியாளர்களைப் பார்த்து வருகிறது. அந்த மரியாதையில் தவறில்லை. ஆனால் பேனா பிடிப்பவர் அதற்குக் குறைந்தவரா?

"கதை என்றால் பொய்தானே, அது ஆகுமா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். முதல் வஹீ ஓதச் சொன்னது. எழுதுகோலைக் கொண்டு கற்பித்ததைச் சொன்னது. யூசுஃப் நபியின் வரலாற்றை அல்லாஹ் அழகிய வரலாறு என்கிறான். அது நடந்த வரலாறு. மனிதன் புனையும் கதையை அதற்கு இணை வைக்கவில்லை. ஆனால் ஒரு வாழ்க்கையைச் சொல்லி மனத்தைத் திருத்தலாம் என்பதை நாம் அங்கிருந்தும் கற்கலாம் அல்லவா?

தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். வியாபாரத்தோடு நாவலும் எழுதினார். கடலோர முஸ்லிம்களின் வாழ்வும் அவர்களுக்குள் இருந்த கொடுமைகளும் அவரால் தமிழ் முழுவதும் தெரிந்தன. 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நம் மலையின் படகர் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித்தேன்' நாவலில் எழுதினார். இங்கே டீக்கடையும் காய்கறி லாரியும் வைத்துப் பிழைத்த நம் பாட்டன்மார் கதையை யார் எழுதுவார்? நம் பிள்ளைதானே எழுத வேண்டும்?

ஆனால் தம்பிகளே, எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதையும் பாருங்கள்.

சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். வேலையை விடாமலே நூற்றுக்கணக்கான கதைகள் எழுதினார். மலையாள நாவலாசிரியர் சி.ராதாகிருஷ்ணன் கொடைக்கானல் வானாய்வகத்தில் பணியாற்றியவர். பிறகு அறிவியல் பணியை விட்டுப் பத்திரிகைக்கும் எழுத்துக்கும் போனார். அமெரிக்காவின் ஜார்ஜ் சாண்டர்ஸ் புவி இயற்பியல் பொறியியல் படித்து, சுமத்ராவில் எண்ணெய் தேடும் பணியில் இருந்தார். பின்னர் குடும்பத்தைக் காக்க ஒரு பொறியியல் நிறுவனத்தில் சுமார் ஏழு ஆண்டுகள் அறிக்கை எழுதும் வேலை பார்த்தார்; கிடைத்த நேரத்தில் கதை எழுதினார். முதல் புத்தகம் 1996இல் வந்தது. அதன் பிறகுதான் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 2017இல் புக்கர் பரிசு பெற்றார்.

அப்துல் கலாம் அவர்கள் 2001இல் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவியை விட்டு அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனார். அப்போது வயது எழுபது. குடியரசுத் தலைவர் பதவி முடிந்ததும் மறுபடியும் மாணவர்களிடமே வந்தார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்முன் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார்.

இவர்கள் யாரும் கோபத்தில் ஒரே நாளில் வேலையை வீசிவிட்டுப் போனவர்கள் அல்லர். ஆகவே பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. வீட்டுக் கடனையும் பெற்றோர் செலவையும் முதலில் கணக்குப் போடுங்கள். ஓராண்டுச் செலவுக்குப் பணம் சேருங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால் பணிக்கொடை உண்டு. நாலரை ஆண்டில் விட்டுவிடாதீர்கள். பள்ளியில் கற்பிக்க பி.எட். வேண்டும், பொறியியல் படித்தவர்களும் அதில் சேரலாம், மதிப்பெண் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் இலக்கியம் கற்பிக்க எம்.ஏ.வும் அதற்கு மேல் நெட், செட் அல்லது முனைவர் பட்டமும் தேவை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நாம் கொடுத்த கல்வி உதவி கடன் அல்ல. அதைச் சொல்லிக்காட்டி ஒரு பிள்ளையின் வாயை அடைக்க நமக்கு உரிமை இல்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் தர்மம் வீணாகும் என்று மதரஸாவில் ஓதியவர்கள் நாம். நாமே அதை மறந்தோம். அந்தப் பையனை மறுபடி அழைத்து மன்னிப்புக் கேட்டோம்.

இப்போது அவர், வீடு கட்ட வாங்கிய கைமாற்று தீரும்வரை வேலையில் இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊருக்கு வரும் ஞாயிறுகளில் நம் மாடி அறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறார். வகுப்பு முடிந்ததும் ஒரு கதை சொல்கிறார். அதற்காகவே சில பிள்ளைகள் வருகிறார்கள். அவர் அத்தாவுக்கு இன்னும் முழு மனதில்லை. ஆனால் சென்ற வாரம் கதவோரம் நின்று அந்தக் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டுப் போனார்.

உங்கள் பிள்ளைகளையும் அனுப்பி வையுங்கள். ஹலாலான உழைப்பிலும் பயனுள்ள கல்வியிலும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.