புகைபோக்கிக்குத் தவணை! பழைய வண்டிக்குத் தண்டம்!

(கும்மிடிப்பூண்டியில் மோட்டார்த் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காற்றுக்கு வேலி கிடையாது என்பர் பெரியோர். வேலி கிடையாதுதான், ஆனால் காற்றின் பெயரால் கட்டணம் வந்துவிட்டது! "நகருக்குள் நுழைகிறாயா? உன் வண்டி பழையது, புகை கக்குவது. பணத்தை வை, பிறகு நுழை!" என்று கூறும் ஏற்பாடு உலகின் பெருநகரங்கள் பலவற்றில் நடந்துவருகிறது. சென்னைக்குள் நுழைய இன்று அத்தகைய கட்டணம் இல்லை. இல்லாத ஒன்றைப் பற்றி இவன் ஏன் பேசுகிறான் என்று கேட்கத் தோன்றும். வெள்ளம் வந்தபின் ஏரிக்கரையை உயர்த்துபவன் உழவன் அல்லன்! தில்லியில் நடப்பது நாளை செங்குன்றத்தில் நடக்கக்கூடும். அந்த நாள் வருமுன்னர், நாம் எதை ஏற்போம், எதை எதிர்ப்போம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், அதற்காகவே பேசுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் புகையின் பக்கம் நிற்பவர்கள் அல்லர்! நிற்கவும் முடியாது. இரும்பாலைகள் நிறைந்த சிப்காட் நம் வாயிற்படியில் இருக்கிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். மணலியிலே எண்ணெய் ஆலை. மாடியில் உலர்த்திய வெள்ளை வேட்டி மாலைக்குள் என்ன நிறமாகிறது என்பதை இந்த மாவட்டத்துத் தாய்மார்களுக்கு எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவன் யார்? குளிரூட்டிய காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்லும் கனவான் அல்லன். துறைமுக வாயிலை நோக்கி, எண்ணூர் நெடுஞ்சாலையில், மைல் கணக்கில் நிற்கும் கண்டெய்னர் லாரி வரிசையிலே, கண்ணாடியை இறக்கிவிட்டு, முன்னே நிற்கும் வண்டியின் புகையை மூக்கால் குடித்தவண்ணம் காத்துக்கிடக்கிறானே, அந்த ஓட்டுநர்தான்!

இலண்டனிலே, பெருஞ்சாலை ஓரத்துச் சிறுமி ஒருத்தி, ஒன்பதே வயது, ஆஸ்துமாவால் 2013-இல் மாண்டாள். அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் அந்நாட்டு மரண விசாரணை மன்றம் பதிவு செய்தது. அத்தகைய பிஞ்சுகள் நம் தெருக்களிலும் இருக்கின்றன. ஆகவே, காற்று தூய்மையாக வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாம் எழுப்பும் வினா ஒன்றே ஒன்று: தூய்மைக்கான செலவை யார் தலையில் கட்டுவது?

நாடுகள் சில இதை எப்படிச் செய்தன என்று பார்ப்போம்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல், நகரின் நடுப்பகுதிக்குள் காலை நேரத்தில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தனர். நெரிசலைக் குறைக்க வந்த கட்டணம் அது. ஆனால் யாருக்கு விலக்கு என்பதைக் கவனியுங்கள்! பேருந்துக்கு விலக்கு, சரக்கு வண்டிக்கு அந்நாளில் விலக்கு, மோட்டார் சைக்கிளுக்கு விலக்கு, நால்வர் ஏறிய காருக்கும் விலக்கு. காலியான காரில் தனியே சாய்ந்து வந்தவரிடம்தான் கை நீட்டினர்.

இலண்டனில், 2019 ஏப்ரலில், புகை மிகுந்த பழைய காருக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரைப் பவுன் என்று விதித்தனர். 2021-இல் எல்லையை விரித்தனர். 2023 ஆகஸ்டு 29 முதல் மாநகர் முழுவதும் அந்தக் கட்டணம். பெரும் பணக்காரர் புதுக் கார் வாங்கித் தப்பினர். குழாய் பழுதுபார்ப்பவரும், இரவுப் பணிக்குச் செல்லும் மருத்துவமனைத் தாதியும் தவித்தனர். கூச்சல் எழுந்தது. பழைய வண்டியைக் கழித்துப்போட உதவித்தொகை தந்தனர். பதினாறு கோடிப் பவுன் ஒதுக்கினர். ஆயினும், நகரத்தார் எல்லோருக்கும் அந்த உதவியின் கதவு திறந்தது எப்போது தெரியுமா? கட்டணம் விரிவதற்கு எட்டே நாள் முன்னர்! அங்கே தாமதமாகவேனும் உதவி வந்தது. நம் நாட்டில் நடந்ததையும் கேளுங்கள்.

தில்லி! 2015 நவம்பர் முதல் நாளிலிருந்து, உச்சநீதிமன்ற ஆணைப்படி, தலைநகருக்குள் நுழையும் சரக்கு வண்டிகளுக்குச் 'சுற்றுச்சூழல் ஈட்டுக் கட்டணம்'. சிறு வண்டிக்கும் இரண்டு அச்சு லாரிக்கும் 700 ரூபாய். மூன்று அச்சும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 1,300 ரூபாய். ஒன்றரை மாதத்தில், டிசம்பர் 16-ஆம் நாள், அது இருமடங்காயிற்று: 1,400, 2,600! மாதம் இருபது முறை நுழையும் இரண்டு அச்சு லாரிக்கு இருபத்தெட்டாயிரம் ரூபாய். கல்லூரியைப் பாதியில் விட்டவன்தான் நான். ஆயினும் இந்தக் கணக்கைப் போடப் பட்டம் தேவையில்லை. சிங்கப்பூரில் தனிக் காருக்குக் கட்டணம், சரக்குக்கு விலக்கு. தில்லியில் சரக்குக்குக் கட்டணம், தனிக் காருக்கு அந்தக் கட்டணம் இல்லை!

"தில்லிக்குச் சம்பந்தமில்லாத லாரிகள் ஊரைச் சுற்றிப் போகட்டும் என்பதற்காகத்தான்" என்று காரணம் கூறினர். நல்ல காரணந்தான். ஆனால் சுற்றிப் போகச் சாலை எங்கே? கிழக்குப் புறவழி விரைவுச்சாலை திறந்தது 2018 மே மாதம். மேற்குப் புறவழி முழுமையானது அதே ஆண்டு நவம்பர் மாதம். கட்டணம் 2015-இல், பாதை 2018-இல்! ஆற்றைக் கடக்க ஓடம் விடுமுன் ஓடக்கூலி வசூலித்த கதை இது!

வசூலித்த பணமாவது காற்றைக் கழுவிற்றா? 2017-இல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கணக்கு வெளிவந்தது. வசூல் எழுநூறு கோடிக்கும் மேல். அதுவரை செலவானதோ ஒரு கோடிக்கும் கீழ்! ஓட்டுநர் கொடுத்த பணம் பெட்டியில் உறங்கிற்று. அவன் நுரையீரலில் புகை உறங்கிற்று.

தோழர்களே, இனித்தான் கதையின் கரு. அதே 2015 டிசம்பர். லாரிக் கட்டணம் இருமடங்காவதற்கு ஒன்பது நாள் முன்னர், டிசம்பர் 7. அன்றுதான் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்கும் புகைக் கட்டுப்பாட்டு விதி வகுத்தது. கந்தகப் புகையைப் பிடித்து நிறுத்தும் கருவியைப் பொருத்துக என்பது அதன் பொருள். அவகாசம் இரண்டாண்டு. 2017 பிறந்தது, மறைந்தது, கருவி வரவில்லை. கெடு 2022-க்குத் தள்ளிற்று. 2021-இல் மறுபடி தள்ளினர். 2022-இல் மறுபடி. 2024-இல் மறுபடி. கடைசியில், 2025 ஜூலையில், நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே கட்டாயமில்லை என்று விலக்களித்துவிட்டனர்! "செலவு அதிகம், மின்கட்டணம் ஏறும், நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு" என்று காரணங்கள் கூறினர். செலவைப் பற்றி அவ்வளவு பரிவு! அந்தப் பரிவில் ஒரு சொட்டு லாரிக்காரன் பக்கம் சிந்தியதா?

நான் நாடகக்காரன். காட்சியாகவே காட்டிவிடுகிறேன். இடம்: சோதனைச் சாவடி.

அதிகாரி: நில்! வண்டிக்கு வயதென்ன?

ஓட்டுநர்: பதினாறுங்க ஐயா. என் மூத்த மகளுக்கும் அதே வயது.

அதிகாரி: தண்டத்தைக் கட்டு!

ஓட்டுநர்: ஒரு மாதம் தவணை கொடுங்க ஐயா. பைனான்ஸ் பாக்கி இருக்கு, டயர் தேய்ஞ்சு கிடக்கு...

அதிகாரி: சட்டம் என்றால் சட்டம்! தவணையாவது, கிவணையாவது!

(அனல் நிலையத்துப் புகைபோக்கி வருகிறது. அதிகாரி எழுந்து நிற்கிறார்.)

அதிகாரி: வரவேண்டும், வரவேண்டும்! எவ்வளவு காலம் தேவை?

புகைபோக்கி: இரண்டாண்டு கொடுத்தீர். போதவில்லை.

அதிகாரி: ஐந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

புகைபோக்கி: அதுவும் போதாது.

அதிகாரி: அப்படியானால், கருவியே வேண்டாமே!

ஓட்டுநர்: ஐயா, என் வண்டிப் புகைக்குழாய் குட்டையா இருக்கு. அதுதான் நான் செய்த குற்றமா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் சிரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்!

நம் ஊர் நிலைக்கு வருவோம். நுழைவுக் கட்டணம் இல்லையே தவிர, வயதுக்கு விதிக்கும் வரி நமக்குப் புதிதன்று. பழைய வண்டிக்குப் பசுமை வரி நம் மாநிலத்தில் உண்டு. அதற்கு மேல், 2022 ஏப்ரல் முதல் ஒன்றிய அரசின் ஆணை: பதினைந்து ஆண்டு கடந்த லாரிக்கும் பேருந்துக்கும் எஃப்.சி. புதுப்பிக்க 12,500 ரூபாய். அதற்கு முன் அது 1,500! 2025 நவம்பரில், இருபது ஆண்டு கடந்த கனரக வண்டிக்கு 25,000 என்று அறிவித்தனர். இது கட்டணம் மட்டும். எஃப்.சி.க்கு வண்டியைத் தயார்செய்ய டிங்கர் வேலை, பெயின்ட், பிரேக், விளக்கு என்று பட்டறையில் ஆகும் செலவு தனி. அத்தனை நாளும் வண்டி ஓடாது; வாடகை வராது; வட்டி மட்டும் ஓடும்.

பழைய வண்டியை யார் வைத்திருக்கிறார்? நூறு லாரி வைத்திருக்கும் நிறுவனம் அன்று. அது புது வண்டியை ஓட்டிவிட்டுப் பழையதை விற்றுவிடும். வாங்குபவர் யார்? நேற்றுவரை ஓட்டுநராக இருந்து, மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து, "நாமும் முதலாளி" என்று ஒரே ஒரு வண்டி எடுத்தவர். பொன்னேரியிலிருந்து காய்கறி ஏற்றும் குட்டியானைக்காரர். சிப்காட்டுக்கு ஆளேற்றும் வேன்காரர். அவர்கள் பழைய வண்டி வைத்திருப்பது புகையின்மேல் காதலால் அன்று, கையில் காசில்லாததால்!

"பழையதைக் கழித்துப்போடு, புதிது வாங்கும்போது வரியில் சலுகை" என்கின்றனர். சொந்த வண்டிக்கு 25 விழுக்காடு வரை, வாடகை வண்டிக்கு 15 விழுக்காடு வரை என்பது ஒன்றிய அரசு வகுத்த அளவு. இங்கேயும் பாருங்கள், பிழைப்புக்கு ஓட்டுபவனுக்குச் சலுகை குறைவு! அதுவும் புதிது வாங்கினால்தான். விருந்துக்குப் பணம் உள்ளவனுக்கே வெற்றிலை இலவசம் என்பது போல!

உண்மையை மறைக்க மாட்டேன். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் தரம் 6 வண்டி, பழைய வண்டியைவிட மிகக் குறைவாகவே புகை கக்குகிறது. பழையவை படிப்படியாகப் போகத்தான் வேண்டும். ஆனால் பிறந்த தேதியைப் பார்த்துத் தண்டிப்பதா, கக்கும் புகையைப் பார்த்தா? தில்லியே பட்டுத் தெரிந்துகொண்டது. வயது முதிர்ந்த வண்டிக்கு எண்ணெய் ஊற்றாதே என்று 2025 ஜூலை 1-இல் தொடங்கினர்; மக்கள் கொதித்தனர்; சில நாளில் நிறுத்திவைத்தனர். ஆகஸ்டில், வயதை மட்டும் காட்டிக் கடும் நடவடிக்கை எடுக்காதே என்றது உச்சநீதிமன்றம். டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பாரத் தரம் 4-க்கும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கே என்று வரையறுத்தது. ஆண்டைவிடப் புகைத்தரமே அளவுகோல் என்ற நியாயம் மெல்ல மெல்ல உள்ளே நுழைகிறது.

ஆகவே, நாளை சென்னை வாயிலில் கட்டணம் என்ற பேச்சு எழுமானால் நாம் கேட்க வேண்டியவை இவை.

மாற்று முதலில், கட்டணம் பிறகு! எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், திருப்பெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை, ஏறத்தாழ 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை வகுத்திருக்கின்றனர். அது முழுமையாக ஓடட்டும். துறைமுக வரிசை குறையட்டும். நின்ற இடத்தில் உறுமும் எஞ்சின் கக்கும் புகைக்கு ஓட்டுநர் பொறுப்பல்லர். விடியற்காலை ஷிப்டுக்குச் செல்பவருக்குப் பேருந்து வரட்டும்.

ஒற்றை வண்டிக்காரருக்குத் தள்ளுபடிச் சீட்டு வேண்டாம். பழைய வண்டியை ஒப்படைக்கும் அன்றே கையில் பணமும், மாற்று வண்டிக்குக் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். கட்டணம் சரக்குக்கு உரியவர் கணக்கில் எழுதப்பட வேண்டும். ஓட்டுநரின் படியில் கழிக்கப்படலாகாது. வசூலான ஒவ்வொரு ரூபாயும் எங்கே போயிற்று என்ற கணக்கு, வசூலித்த அதே சாவடியில், மாதந்தோறும் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று: குட்டைக் குழாய்க்கும் நெட்டைக் குழாய்க்கும் ஒரே நீதி! புகைபோக்கிக்குப் பத்தாண்டு தவணை தர முடிந்தவர்களுக்கு, ஒரு குடும்பத்தைக் காக்கும் வண்டிக்கு ஒரு தவணை தர மனம் வராதா? லாரியைத் தண்டிக்கக் காற்றின் பெயரைக் கூறுவோர், அதே காற்றின் பெயரால் ஆலையின் கதவையும் தட்டட்டும்! அப்போது நம் தோழர்கள் கட்டணச் சீட்டை முகஞ்சுளிக்காமல் வாங்குவர்.

இயக்கத் தோழர்களே, கூட்டம் கலைந்ததும் வேலை தொடங்கட்டும். உங்கள் தெருவில் வண்டி ஓட்டுபவர் வீட்டுக்குச் செல்லுங்கள். எஃப்.சி.க்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு, வண்டி நின்ற நாள் எத்தனை என்று கேட்டு ஒரு தாளில் குறித்துவாருங்கள். சட்டமன்றத்தில் பேசுபவர் கையில் அந்தத் தாள்கள் இருக்கட்டும். காற்று எல்லோருக்கும் பொது என்கின்றனர். ஆம், பொதுதான்! அதைத் தூய்மையாக்கும் சுமையும் பொதுவாகட்டும்!