கேள்வி நம் ஊரிலிருந்து போகட்டும்



இந்தப் பட்டமளிப்பு விழாவில், வட்டாரப் புத்தாக்க மையங்களும் தொழில் ஆதரவு மையங்களும் நாடு கடந்து ஒத்துழைப்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். டெல்லியிலோ பாரிசிலோ பேச வேண்டிய விஷயம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இதற்கு நான் கண்ட மிக நல்ல உதாரணம் இந்தப் புதுச்சேரி நகரத்தை ஒட்டியே இருக்கிறது. செங்கழுநீரம்மன் தேருக்கு ஆடி மாதம் நீங்கள் எல்லாரும் போய் வரும் வீராம்பட்டினம்தான் அது.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் தந்த நிதியைக் கொண்டு, புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. தலைமை மையம் வில்லியனூரில். ஊர்களுக்குள் இணையம் எட்டிப் பார்க்காத காலம் அது. ஆகவே வில்லியனூரில் திரட்டிய செய்தியை வயர்லெஸ் ரேடியோ வழியாக ஊர் மையங்களுக்கு அனுப்பினார்கள். மின்சாரம் போனால் சமாளிக்கச் சூரியத் தகடு. கட்டடத்தை ஊர் கொடுக்க வேண்டும். மையத்தை நடத்துவதும் ஊர்க்காரர்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள்.

கணினியைக் கொண்டுவந்து இறக்குவதற்கு முன்னால் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரு வேலை செய்தார்கள். உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். வயல் சார்ந்த ஊர்க்காரர்கள் விளைபொருள் விலை, அரசு உதவித் திட்டம், மருத்துவர் எங்கே எப்போது இருப்பார் என்று கேட்டார்கள். வீராம்பட்டினத்தில் கேட்டது வேறு. நாளைக்கு அலை எவ்வளவு உயரம் இருக்கும்?

விடியும் முன் தொழிலுக்குப் போகிறவருக்கு அந்த ஒரு தகவலில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இந்த அரங்கத்தில் இருந்தால் அறிவார்கள். அலை முறியும் இடத்தைத் தாண்டும்போதுதான் கட்டுமரம் கவிழும், வலை போகும், ஆளும் போகலாம். போகாமல் கரையில் உட்கார்ந்துவிட்டால் அன்றைய பாடு போயிற்று. இரண்டு நட்டத்துக்கும் நடுவே அவர் எடுக்கும் முடிவுக்கு அதுவரை கண்ணும் அனுபவமும்தான் துணை.

வங்காள விரிகுடாவின் அலை உயரக் கணிப்பு அப்போது அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்தது. அவர்கள் தங்கள் கப்பல்களுக்காகப் போட்டது, யாரும் பார்க்கலாம். அந்த வரைபடத்தை வில்லியனூரில் இறக்கி, எண்ணைத் தமிழில் ஒரு வாக்கியமாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்கள். கனடாவின் பணம், அமெரிக்காவின் வரைபடம், சென்னையிலிருந்து ஆராய்ச்சியாளர்கள், ஒலிபெருக்கி முன்னால் நம் ஊர்த் தன்னார்வலர். இந்தச் சங்கிலியைத் தொடங்கி வைத்தது மீனவர் கேட்ட கேள்வி. அதைக் கேட்டிராவிட்டால் அந்த வரைபடம் நம் மீனவர் யாருக்கும் பயன்படாமல் அங்கேயே கிடந்திருக்கும்.

ஆறு ஆண்டுகள் கழித்து நடந்ததை இந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை. அறிவு மையம் இருந்த இன்னொரு மீனவ ஊரான நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இந்தோனேசியாவில் நில அதிர்ச்சி, கடல் பொங்கியது என்ற செய்தி அறிந்ததும் ஊருக்குப் போன் போட்டார். கடல் ஊருக்குள் ஏறுகிறது என்று வீட்டிலிருந்து பதில் வந்தது. எல்லாரையும் உடனே வெளியேறச் சொல்லுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் கூவினார்கள். 3,600-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர். வீடுகள் இடிந்தன, படகுகள் நொறுங்கின, ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே காலையில் காரைக்கால் கரையோரத்தில் நூற்றுக்கணக்கானவர்களை நாம் பறிகொடுத்தோம்.

அலை உயரம் சொல்வதற்காக வைத்த ஒலிபெருக்கி அது. தினமும் பயன்பட்டு வந்ததால்தான் அந்த நிமிடத்தில் அது எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. ஆபத்துக்கென்று தனியாக வாங்கிப் பூட்டி வைத்த கருவியாக இருந்திருந்தால் அது ஓடுமா என்பதே சந்தேகம்.

பிறகு நிலைமை மாறியது. அந்தத் துயரத்துக்குப் பின் 2007-இல் ஹைதராபாதில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மையங்களோடு சேர்ந்து இந்துமாக்கடல் நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை தருகிறது. நம் மீனவருக்கான அலைக் கணிப்பும் இப்போது அதே வளாகத்திலிருந்தே வருகிறது. வீராம்பட்டினத்தால்தான் இதெல்லாம் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அடுத்தவரிடம் எடுத்துக்கொண்டதை நாமே செய்து அண்டை நாட்டுக்கும் கொடுக்கிற நிலைக்கு வந்தோம் என்பதில் எனக்கு மிகுந்த பெருமை.

இன்னொரு கதையும் இதே ஊருடையது. அது எனக்குப் பெருமை தருவதில்லை. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலும் சுற்றுப்புறத்திலும் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணி, கினி துணி என்ற பெயரில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போயிற்று. பாலைவனத்து வணிகர்கள் அதை வாங்கிக்கொண்டு வேலம் பிசின் கொடுத்தார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி ஆலைகளுக்குப் போனது. துணியைத் தொட்டும் முகர்ந்துமே அது புதுச்சேரிச் சரக்கா போலியா என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிடுவார்களாம். பிரான்சின் ரூவான் நகரத்து ஆலைகள் அதே போல நெய்து அனுப்பிப் பார்த்தும் அவர்கள் ஏற்கவில்லை.

மூன்று கண்டங்களை இணைத்த சரக்கு அது. ஆனால் முத்தியால்பேட்டையில் தறியில் உட்கார்ந்திருந்தவருக்கோ சாயத் தொட்டியில் கை வைத்திருந்தவருக்கோ தன் துணியை யார் உடுத்துகிறார் என்று தெரிய வழியில்லை. அந்த அறிவு கப்பல்காரரிடமும் போர்தோ நகரத்து வணிகரிடமும் இருந்தது. லாபமும் அங்கேதான் நின்றது. வாங்குகிறவருக்கு எந்த மணம் பிடிக்கும், எந்த எடை பிடிக்கும் என்று நம் சாயக்காரருக்கு நேரே தெரிந்திருந்தால் இந்த ஊரின் கதை எப்படிப் போயிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. உலகத்தோடு தொடர்பு இருப்பது வேறு, உலகத்தோடு பேசுவது வேறு.

தொழில் ஆதரவு மையம் என்பதன் வேலையே அந்தப் பேச்சை நடத்திக் கொடுப்பதுதான். கையில் தொழில் இருக்கிறவருக்கும் எங்கோ அறிவோ சந்தையோ வைத்திருக்கிறவருக்கும் இடையில் நின்று, லாபத்தைத் தான் விழுங்காமல், ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகம் செய்ய வேண்டும். இதற்கு உலகத்தில் இன்று அமைப்புகளுக்குக் குறைவில்லை. பிரான்சின் தெற்கே சோஃபியா அந்திபோலிஸ் தொழில்நுட்ப நகரத்தில் 1984-இல் உலக அறிவியல் பூங்காக்களின் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டில் ஐரோப்பிய வணிக, புத்தாக்க மையங்களும் தங்களுக்கென்று ஒரு வலையமைப்பை உருவாக்கிக்கொண்டன. இரண்டே ஆண்டில், 1986-இல், நம் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் அறிவியல் தொழில்முனைவோர் பூங்கா வந்துவிட்டது. இந்தியாவின் முன்னோடிப் பூங்காக்களில் அது ஒன்று. பிள்ளைச்சாவடியில், முன்பு பொறியியல் கல்லூரியாக இருந்த புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் அடல் இன்குபேஷன் மையம் இருக்கிறது. பாரிசின் ஸ்டேஷன் எஃப் கூடத்தில் இந்திய ஸ்டார்ட்அப்களுக்கு இடம் தருவதாக 2025 பிப்ரவரியில் இரு நாட்டுத் தலைவர்களும் அறிவித்தார்கள். 2026-ஐ இந்திய - பிரெஞ்சுப் புத்தாக்க ஆண்டு என்றும் குறித்தார்கள்.

கதவுகள் இத்தனை. கதவைத் தட்டிச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது என்பதுதான் என் கவலை.

புரிந்துணர்வு ஒப்பந்த விழாக்கள் பலவற்றில் நான் கலந்துகொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. இரு தரப்பும் நல்லவர்கள், உழைப்பாளிகள். சால்வை போர்த்தினோம், கோப்பை மாற்றிக்கொண்டோம், படம் எடுத்துக்கொண்டோம். வந்திருந்தவர்கள் தங்கள் ஊருக்குப் போய், எந்தப் பிரச்சினையில் முதலில் சேர்ந்து வேலை செய்யலாம் என்று கேட்டு ஒரு கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதத்துக்குக் கடைசிவரை பதில் போகவில்லை. சோம்பலால் அல்ல. எழுத எங்களிடம் ஒரு பிரச்சினை தயாராக இல்லை. நகரத்தைச் சுற்றி நூறு பிரச்சினை இருந்தது. ஒருவரும் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைக்குள் போய் ஒரு பட்டறைக்காரரிடம் உட்கார்ந்து, உனக்கு எங்கே இடிக்கிறது என்று கேட்டு எழுதி வந்திருக்கவில்லை. எனக்கு இன்றும் வலிக்கிறது.

சரியாக நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் பத்துக் கிலோமீட்டர் வடக்கே ஆரோவில்லுக்குப் போங்கள். அங்கே இருக்கும் புவி நிறுவனம் மண் கட்டடக்கலைக்காகவே இயங்குவது. மண் கட்டடக்கலையில் பேர்போன கிரனோபிள் நகரத்து கிராத்தேர் ஆய்வு மையத்தோடு அதற்கு நீண்ட நாள் உறவு. அங்கிருந்து வந்த அறிவை நம் செம்மண்ணில் சோதித்தார்கள். சுமார் ஐந்து சதவீதம் சிமெண்டு கலந்து, கைப்பிடி இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல், நான்கு வாரம் ஈரப்பதத்தில் வைத்தெடுக்கும் கல் அது. விறகு எரிவதில்லை. ஆரோவில் வருகையாளர் மையத்தின் சுவரில் கை வைத்துப் பாருங்கள், அந்தக் கல்தான். அழுத்தும் இயந்திரத்தை ஆரோவில் பட்டறையிலேயே வடிவமைத்து, ஔராம் என்று பெயரிட்டு, ஆப்பிரிக்க நாடுகள் உட்படப் பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். பிரான்சிலிருந்து வந்தது முறை. இங்கே சேர்ந்தது நம் மண்ணைப் பற்றிய அறிவும் கொல்லர் பட்டறையின் கைத்திறனும். போனது இரண்டும் கலந்த ஒரு பொருள். அந்த நீலத் துணிக்கும் இந்த இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை யோசியுங்கள்: இயந்திரத்தோடு பயிற்சியும் போகிறது, வாங்குகிறவர் கேள்வியோடு திரும்பி வருகிறார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒரே ஒரு கேள்வியை உங்கள் கையில் கொடுக்கிறேன்.

1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே காந்தி சிலைக்கு முன்னால் இருந்த மணற்கரை கரைந்து கருங்கல் மட்டும் மிஞ்சியது. உங்கள் அப்பா சிறுவயதில் விளையாடிய கடற்கரை உங்கள் சிறுவயதில் கிடைக்கவில்லை. சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் 2018-இல் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை இறக்கிய பிறகு மணல் மறுபடி ஒதுங்கத் தொடங்கியது. நல்ல செய்தி. ஆனால் நகரத்துக்கு வடக்கே தந்திராயன்குப்பத்திலும் பொம்மையார்பாளையத்திலும் போய் நின்றால் அங்கே வீட்டுச் சுவர் கடலுக்குள் போயிருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த ஊர்கள் விழுப்புரம் மாவட்டம், நாம் புதுச்சேரி; எல்லைக்கோடு மணலுக்குத் தெரியாது. நாடு கடந்த ஒத்துழைப்புக்கு முன்னால் இந்த எல்லையைக் கடந்த ஒத்துழைப்பே நமக்கு அவசரத் தேவை.

இதே சிக்கல் உலகத்தில் வேறு யாருக்கு இருக்கிறது என்று தேடுங்கள். நெதர்லாந்தில் 2011-இல் ஹேக் நகரத்துக்கு அருகே 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, அலையும் காற்றுமே அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டார்கள். அதை இங்கே அப்படியே செய்ய முடியாது. அவ்வளவு மணலுக்கு எங்கே போவது, செலவு யார் தருவது, படகு ஏற்றும் இடத்தில் மணல் மேடிட்டால் மீனவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விகளை எல்லாம் சேர்த்து எழுதினால்தான் இதே சிக்கல் உள்ளவர்களுக்கு நாம் அனுப்பும் கடிதம் பதில் வாங்கும் கடிதமாகும். ஒரு மாதம் அந்தக் குப்பங்களுக்குப் போங்கள். கரை எந்த மாதத்தில் எவ்வளவு போகிறது, படகு எங்கே ஏற்றுகிறார்கள், எந்தக் காற்றில் அலை எங்கே முறிகிறது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பொறியியல் படித்தவர் அளவெடுக்கட்டும், வணிகம் படித்தவர் செலவைக் கணக்கிடட்டும், பிரான்சுக்குப் போகும் கடிதத்தைப் பிரெஞ்சு படித்தவர் அந்த மொழியில் எழுதட்டும். உங்கள் இன்குபேஷன் மையத்தின் மேசையில் முதல் கோப்பாக அது போகட்டும்.

பாரிசிலும் ரெயூனியனிலும் சொந்தக்காரர் இல்லாத தெரு இந்த ஊரில் அபூர்வம். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் நல்லவாட்டைக் காப்பாற்றியது. உங்கள் மாமாவும் சித்தியும் அங்கே எந்த ஆலையில், எந்த மாநகராட்சியில், எந்தத் துறைமுகத்தில் வேலை செய்கிறார்கள் என்று இந்த வாரம் கேட்டு வையுங்கள். பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல மட்டும் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தது போதும்.

பட்டம் பெறும் உங்கள் அனைவருக்கும், உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். பொம்மையார்பாளையத்துக் கோப்பு தயாரானதும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். யாருக்கு அனுப்பலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.