திறந்து பார்த்தீர்களா?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லீங்க, மோட்டார்க்காரன். அதனால் மோட்டாரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்த ஊரில் மோட்டார் செய்து காட்டினார்கள். அதிலிருந்து கோயமுத்தூர்க்காரனுக்கு மோட்டார் என்றால் கௌரவப் பிரச்சினை. தன் மோட்டார் கருகித் திரும்பி வந்தால் சொந்தப் பிள்ளை பெயிலான மாதிரி.

நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்த காலம். ஒரு சித்திரை மாசம், பத்து நாளுக்குள் நாலு மோட்டார் திரும்பி வந்தது. நாலும் 3 ஹெச்.பி. மோனோபிளாக், நாலும் கருகல். ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தேன். நாலையும் வைண்டிங் கட்டியது ஒரே ஆள். இருபது வருஷ சர்வீஸ். எனக்கு அப்பா வயசு. கடை முழுக்க அவரை அண்ணா என்றுதான் கூப்பிடும்.

எனக்குப் போதாதா? நேராகப் போய், அத்தனை பேர் முன்னாலும், "கண்ணு தெரியலைன்னா சொல்லுங்கண்ணா, வேற ஆள் போட்டுக்கறோம்" என்றேன். அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "தம்பி, தொறந்து பாத்தீங்களா?" என்றார். அவ்வளவுதான். பார்க்கவில்லை. ஆனால் பார்த்த மாதிரி முறைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றும் மறுநாளும் ராத்திரி தூக்கம் இல்லை. அந்த பேட்ச் முழுக்கத் திரும்பி வரும், முதலாளி கூப்பிடுவார், வேலை போகும், வீட்டுக் கடன் தவணை நிற்கும் என்று மனசு தானாகவே பம்ப் அடித்தது. வயிற்றில் எரிச்சல். வீட்டில் குழந்தை மேல் கத்தினேன்.

மூன்றாம் நாள்தான் நாலையும் பிரித்தோம். வைண்டிங் தப்பு என்றால் ஏதோ ஒரு இடத்தில் ஷார்ட்டாகி அங்கே மட்டும் பொசுங்கியிருக்கும். ஓவர்லோடு என்றால் சுற்றிலும் ஒரே மாதிரி கறுத்திருக்கும். இதில் இரண்டு பேஸ் கரிக்கட்டை. மூன்றாவது பேஸ் வார்னிஷ் மினுமினுப்போடு புதுசாக இருந்தது. நாலிலும் அப்படியே. ஸ்டார் இணைப்பில் ஒரு பேஸ் கரண்ட் வராமல் மோட்டார் ஓடியதற்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து கிடையாது. (டெல்டாவாக இருந்தால் ஒரு பேஸ் மட்டும் கருகும். மூன்றாம் வருஷம் படித்ததுதான், பரீட்சையோடு மறந்தேன்.) விசாரித்தால் நாலு தோட்டமும் ஒரே டிரான்ஸ்பார்மர். சிங்கிள் பேஸிங் தடுப்பு ஒருத்தரும் மாட்டவில்லை. வைண்டிங்கில் குறையே இல்லை.

கையில் ஸ்பேனர் இருந்தது. திறக்க அரை மணி நேரம்கூட ஆகாது. இரண்டு நாள் வெந்துகொண்டிருந்தேன்.

இது புதுக் கதை இல்லை. மதுரையில் பாண்டியன் செய்ததும் இதுதானே? பொற்கொல்லன் சொன்னான், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வா என்றான் அரசன். சிலம்பு கையில் இருந்தது; அதுவே சாட்சியாகிவிட்டது. எனக்கு ஜாப் கார்டில் பேர் இருந்த மாதிரி. ராணியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்பது உடைத்துப் பார்த்தபோது தெரிந்தது. கோவலன் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் கண்ணகிக்கு விழா எடுத்தவர்களில் நம்ம கொங்கு நாட்டுக் கோசர்களும் உண்டு என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஆக, நமக்கு இந்த விஷயத்தில் பழைய சம்பந்தம் இருக்கிறது.

2021-இல் நூறு வயதில் மறைந்த ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், ஆதாரம் இல்லாமலே முடிவுக்குத் தாவும் பழக்கம் மனச்சோர்வு உள்ளவர்களிடம் நிறைய இருப்பதை 1960-களிலேயே எழுதினார். அவர் வழியில் வந்த டேவிட் பர்ன்ஸ் 1980-இல் வெளியிட்ட புத்தகத்தில் அதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, அடுத்தவர் மனசைப் படித்துவிட்டதாக நினைப்பது. இன்னொன்று, ஜோசியம் சொல்வது. அன்றைக்கு நான் இரண்டையும் செய்தேன். அண்ணன் அசட்டையாக இருக்கிறார் என்று மனசைப் படித்தேன். வேலை போகும் என்று ஜோசியம் சொன்னேன். இரண்டும் தப்பு.

இப்போது வாட்சப்பில் நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால் நம்மில் எத்தனை பேருக்கு பி.பி. ஏறுகிறது? போன் போட்டுக் கேட்டால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பார்கள். நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கோபமோ பயமோ வந்தால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுவேன்: "பார்த்தது", "நினைத்தது". முதல் வரி பெரும்பாலும் ரொம்பச் சின்னதாக இருக்கும். எல்லா நாளும் செய்கிறேன் என்று சொல்லமாட்டேன். வீட்டுக்காரி முன் வரிசையில் இருக்கிறார்.

அண்ணன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டேனே. மோட்டாரைப் பிரித்த அன்றைக்கு அவர் லீவு. மறுநாளும் வரவில்லை. ஒண்டிப்புதூரில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார். "பரவால்லீங்க தம்பி" என்றார். ஆனால் கம்பெனிக்குத் திரும்ப வரவே இல்லை. சொந்தமாக ரீவைண்டிங் கடை போட்டுவிட்டார்.

போன மாசம் எங்கள் தோட்டத்து மோட்டார் ஒன்றை அவருக்கு அனுப்பி, "பேரிங் போயிருக்கும், மாத்திக் குடுங்கண்ணா" என்று போனில் சொன்னேன்.

"தொறந்து பாத்துட்டுச் சொல்றனுங்க தம்பி" என்றார்.