களிமண் தளமும் இளைய ஆட்டக்காரரும்



ஆண்டுதோறும் வைகாசி மாதத்தில் பாரிஸ் மாநகரில் பிரெஞ்சு டெனிஸ் போட்டி நடைபெறுகின்றது. பெரியோரின் ஆட்டங்கள் முடிவை நெருங்கும் வேளையில், அதே மைதானத்தின் ஓரத்துத் தளங்களில் 18 வயதுக்குட்பட்ட சிறுவரும் சிறுமியரும் தமக்குரிய பட்டத்துக்காக ஆடுவர். பயிற்சியாளரும் பத்திரிகையாளரும் மட்டை விற்கும் கம்பெனிக்காரரும் அங்கே கூடிநின்று, நாளைய சம்பியன் இவனோ, அவளோ என்று ஆரூடம் கூறுவர். அந்த ஆரூடம் எவ்வளவுக்குப் பலிக்கும் என்பதையே இன்று ஆராய எண்ணுகின்றேன். பாரிசில் நடக்கும் பந்தாட்டத்துக்கும் பசறைத் தோட்டங்களுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். சற்றே பொறுத்திருங்கள், உறவு உண்டு.

முதலில் தளத்தின் இயல்பை அறிதல் வேண்டும். களிமண் தளம் என்று பெயர் பெற்றிருப்பினும் பாரிசில் இருப்பது களிமண் அன்று. மேலே தூவப்பட்டிருக்கும் செங்கற்பொடி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கனமே உடையது. அதன் கீழே இடித்த சுண்ணாம்புக்கல்லும், நிலக்கரி எரிந்த கட்டியும், சரளையும், கல்லும் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. புற்றுமண்ணைக் குழைத்து இறுக்கித் தளமிடும் நம்மவர் வழக்கமே பெயருக்குப் பொருத்தமானது என்பேன். எதுவாயினும் விளைவு ஒன்றுதான். பந்து நிலத்தில் பட்டதும் வேகம் குன்றி, உயர்ந்து எழும். புல்தரையில் முதலடியிலேயே முடிந்துவிடும் ஆட்டம் இங்கே பத்து, பதினைந்து அடிகள் வரை நீளும். உரத்த கையை விட ஓயாத காலுக்கே இங்கு மதிப்பு அதிகம்; காலை விடவும் பொறுமைக்கு. அன்றியும், பந்து விழுந்த இடத்தில் தழும்பு பதிகின்றது. பந்து உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்னும் வழக்கில் மண்ணே சாட்சி கூறும்.

ஆதலின், இளையோரின் மனத்திண்மையை அறிவதற்கு இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை எனப் பலர் கருதுகின்றனர். பதிவேடு கூறுவது யாது? 1981இல் இளையோர் பட்டம் வென்ற சுவீடன் நாட்டு மாட்ஸ் விலாண்டர், மறு ஆண்டே, தமது பதினேழாம் வயதில், பெரியோர் பட்டத்தையும் வென்றார். 1997இல் சிறுமியர் பட்டம் பெற்ற பெல்ஜியத்து ஜஸ்டின் ஹெனின், பின்னர் நான்கு முறை பெரியோர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் கோக்கோ காஃப் 2018இல் சிறுமியர் பட்டத்தையும் 2025இல் பெரியோர் பட்டத்தையும் வென்றுள்ளார். இவற்றை மட்டும் நோக்கின் ஆரூடக்காரர் பிழைத்தார் எனலாம்.

ஆனால் மறுபக்கத்தையும் புரட்டுதல் வேண்டும். ஸ்டெபான் எட்பர்க் 1983இல் அங்கே இளையோர் பட்டம் பெற்றவர். 1989இல் பெரியோர் இறுதியாட்டத்தில் இரண்டு செட்டுக்கு ஒன்று என முன்னணியில் நின்றும், பதினேழே வயதான மைக்கேல் சாங்கிடம் தோற்றார். அந்தப் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. அவரைத் தோற்கடித்த சாங் பாரிசின் இளையோர் பட்டம் பெற்றவரல்லர். 2005 முதல் 2022 வரை பதினான்கு முறை அம்மண்ணை ஆண்ட ரபாயல் நடாலும் அந்த இளையோர் பட்டியலில் இல்லை. 18 வயதுக்குட்பட்டோர் என்று ஒரே வரிசையில் நிறுத்தினாலும், பதினைந்து வயதுப் பையனின் தோளும் பதினேழு வயதுப் பையனின் தோளும் ஒன்றாகுமா? முன்னரே முதிர்ந்த உடலுக்குக் கிடைத்த வெற்றியைத் திறமையின் வெற்றி என்று எண்ணிவிடுகின்றோம். மிகத் தேர்ந்த சிலரோ இளையோர் போட்டியைத் தாண்டிப் பெரியோரோடு ஆடப் போய்விடுகின்றனர்.

தமிழர்களாகிய நமக்கு இதில் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. சென்னை ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் பாரிசின் இளையோர் பட்டத்தையும், அதே ஆண்டில் விம்பிள்டன் இளையோர் பட்டத்தையும் வென்றார். அவருடைய தந்தையார் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை 1954இலேயே பெற்றவர். 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் அங்கே பெரியோர் அரையிறுதி வரை முன்னேறியவர். களிமண்ணில் இளையோர் சம்பியனான ரமேஷுக்குப் பிற்காலத்தில் பெயர் தேடித் தந்தவை விம்பிள்டன் புல்தரையும் அமெரிக்கக் கடுந்தரையுமே. எந்த மண்ணில் முளைத்தாரோ அந்த மண்ணிலேயே காய்ப்பார் என்று சொல்வதற்கில்லை. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அவருக்குப் பாட்டனாரும் தந்தையாரும் ஆசான்களாய் அமைந்தனர். பையன் எழுந்ததும் தளம் இருந்தது; எதிரே பந்தைத் திருப்பி அடிக்க ஆள் இருந்தது.

இனி நமது ஊவாவுக்கு வருவோம். வெள்ளைத் துரைமார் காலத்தில் பதுளை, பசறை, மடுல்சீமைப் பகுதிகளில் அவர்களுக்கெனக் கழகங்கள் இருந்தன. பங்களா முற்றங்களில் டெனிஸ் தளங்களும் இருந்தன. மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்தவரும், உருளை இழுத்தவரும், கோடு தீட்டியவரும் தோட்டத் தொழிலாளரே. அவர்களுடைய பிள்ளைகள் ஓடியோடிப் பந்து பொறுக்கினர். பந்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அவ்வளவு அருகிலிருந்து கண்டவர் வேறெவர்? எனினும் மட்டை அவர்கள் கைக்கு வரவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன, தோட்டங்கள் அரசின் வசமாயின, துரைமார் போயினர். கவனிப்பாரற்ற தளங்களில் புல் மண்டிற்று. பிள்ளைகளுக்குத் தளம் திறந்துவிடப்பட வேண்டிய தருணத்தில் தளமே மறைந்தது.

இன்று இலங்கையில் இளையோர்க்கான சர்வதேசப் போட்டிகள் நடைபெறும் களிமண் தளங்கள் கொழும்பில், டெனிஸ் சங்கத்தின் மைதானத்தில் உள்ளன. பதுளையிலிருந்து புகையிரதப் பாதை வழியே ஏறக்குறைய 290 கிலோமீற்றர். பசறைப் பிள்ளைக்கு அதற்கு முன்னே பதுளை வரை பஸ் பயணமும் உண்டு. தாயோ தந்தையோ ஒரு நாட் கூலியை இழந்து உடன் செல்ல வேண்டும். மட்டையும் சப்பாத்தும் வேறு. முதற்சுற்றிலேயே தோற்றால் அத்தனையும் ஒரு மணி நேர ஆட்டத்துக்காகவே.

தளம் அமைப்பது எளிது என்று கூறமாட்டேன். ஒற்றையர் ஆட்டத்துக்குரிய கோடுகள் 23.77 மீற்றர் நீளமும் 8.23 மீற்றர் அகலமும் அடைப்பவை. ஆனால் பின்னே ஓடி அடிப்பதற்கு இடம் விடுவதாயின் ஏறத்தாழ 36 மீற்றருக்கு 18 மீற்றர் சமதரை வேண்டும். நமுனுகுலை அடிவாரத்தில் அவ்வளவு சமதரை எளிதிற் கிட்டுமா? ஐப்பசி முதல் தை வரை மழை தளத்தைக் கரைக்கும். ஆடி ஆவணிக் காற்று, தேயிலைக்கு மணம் ஊட்டும் அதே காற்று, தளத்தை உலர்த்திப் புழுதியாக்கும். அப்போது காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். ஆனால் மண் நம்முடையது. அதை இறுக்கத் தெரிந்த கைகளும் நம்முடையவை. தளம் எழும் வரையில் ஒரு பாடசாலைச் சுவர் போதும். அதில் வலையின் நடு உயரமான 91 சென்டிமீற்றரில் சுண்ணாம்புக் கோடு ஒன்று தீட்டிவிட்டால், பிள்ளை நூறு முறை அடிக்கும்போது சுவர் நூறு முறையும் திருப்பித் தரும். அதற்குச் சலிப்பு இல்லை.

அப்படி ஒரு பிள்ளை ஆடத் தொடங்கினால், அதனிடம் எதைக் கவனிப்பது? வேகத்தைக் கண்டு மயங்க வேண்டாம். அது வயதோடு வரும். முதற்செட்டை இழந்த பின் நடை மாறுகின்றதா என்று பாருங்கள். பந்து எதிராளியின் பின்கோட்டருகே தொடர்ந்து விழுகின்றதா? அடித்த பின் கால்கள் நடுவிடத்துக்குத் தாமாகவே திரும்புகின்றனவா? நடுவர் இல்லாத சிறு போட்டிகளில் தன் பக்கத்துக் கோட்டைத் தானே கூற வேண்டிவரும். தனக்குப் பாதகமான தழும்பையும் உள்ளதென்று கூறுகின்றதா?

பத்திரிகையில் இளையோர் போட்டி முடிவுகள் வரும்போதும் வென்றவர் பெயரோடு நின்றுவிடாதீர்கள். மூன்றாம் செட்டில் தோற்றவர் எவர், அவருக்கு வயது எத்தனை என்று விசாரியுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார் என்றும் கேளுங்கள்.