முறுக்கு சுடுவதற்கு முன் நாம் பேசிக்கொள்ள வேண்டியவை

(செப்டம்பர் விற்பனை பற்றி நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செப்டம்பர், குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். தங்க நிற ரிப்பன் அதன் அடையாளம். அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் செய்த பலகாரங்களையும் கைவேலைப் பொருட்களையும் நம் வளாகத்திலேயே விற்று, வரும் பணத்தைச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்பது யோசனை. அதற்கு நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "வீட்டுக்கு 500 ரூபாய் வசூல் செய்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எதற்கு அடுப்படியில் நின்று வேக வேண்டும்?" நியாயமான கேள்விதான். அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஸ்காட் என்றொரு சிறுமி இருந்தாள். 1996-இல் பிறந்தாள். முதல் பிறந்தநாளுக்கு முன்பே அவளுக்கு நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 2000-இல், 4 வயதில், வீட்டு வாசலில் எலுமிச்சை ஜூஸ் கடை போட்டாள். மற்ற குழந்தைகளுக்கும் உதவ டாக்டர்களிடம் பணம் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தக் கடையில் 2,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அதைப் பார்த்து ஊர் ஊராகக் கடை போட்டார்கள். 2004-இல், 8 வயதில் அவள் இறப்பதற்குள் 10 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. ஒரு ஜூஸ் கடையைப் பார்த்தவர், "நானும் போடலாமே" என்று நினைத்தார். வசூல் நோட்டு யாரையும் அப்படி நினைக்க வைக்காது. இது என் முதல் பதில்.

இரண்டாவது பதில், பேச்சு. கடைக்கு வருகிறவர் இரண்டு நிமிடம் நிற்பார். அங்கே ஒரு பலகை வைப்போம். விட்டு விட்டு வரும் காய்ச்சல், காரணமில்லாமல் வெளிறிப்போவது, அடிபடாமலே கன்றிப்போவது, ஓயாத எலும்பு வலி, கழுத்தில் கரையாத கட்டி, ஃபிளாஷ் போட்டோவில் கண்மணியில் தெரியும் வெள்ளை ஒளி. இவை இருந்தால் புற்றுநோய்தான் என்று அர்த்தமில்லை. ஆனால் டாக்டரிடம் காட்டாமல் விடக்கூடாது. 500 ரூபாய் வசூலில் இந்தப் பலகைக்கு இடம் கிடையாது.

இனி, பணம் எதற்கு? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதியான நாடுகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 பேர்கூடத் தேறுவதில்லை. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு ஆண்டுக்கு மேல் சிகிச்சை நீளும். தூரத்து மாவட்டத்திலிருந்து வரும் கூலித் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். மருந்துச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொண்டாலும் பஸ் கட்டணம், வாடகை, சாப்பாடு, போன நாட்கூலி எல்லாம் அவர் தலையில்தான். குழந்தை கொஞ்சம் தேறியதும் ஊருக்குப் போனவர் திரும்பி வராமல் போவது இதனால்தான். ஆகவே நம் பணம் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடை போடுவதற்குச் சில விதிகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, பொருள் செலவு. ஒரு கிலோ முறுக்கை 400 ரூபாய்க்கு விற்று, அதில் 250 ரூபாயைப் பொருள் செலவுக்கு எடுத்துக்கொண்டால் நன்கொடை 150 ரூபாய்தான். எடுப்பவர் எடுக்கலாம், தவறில்லை. ஆனால் "முழுத் தொகையும் குழந்தைகளுக்கே" என்று பலகையில் எழுதக்கூடாது.

இரண்டு, பொட்டலத்தின் மேல் செய்த தேதியும், வேர்க்கடலை, பால், எள், முந்திரி சேர்த்திருந்தால் அதுவும் எழுதியிருக்க வேண்டும். கிரீம் வைத்த பண்டங்கள் வேண்டாம், வெயில் தாங்காது.

மூன்று, மீந்த பலகாரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது. கீமோதெரபி நடக்கும்போது வெள்ளையணுக்கள் குறைந்துவிடும். நமக்கு ஒன்றும் செய்யாத பண்டம் அந்தக் குழந்தையைக் காய்ச்சலில் படுக்க வைக்கலாம். பலகாரம் நமக்கு, பணம் அவர்களுக்கு.

நான்கு, கணக்கு. பொருள் வாங்கக் கொடுத்தது விலை. அதற்கு நன்கொடை வரிச்சலுகை ரசீது கேட்க முடியாது. தனியாக நன்கொடை தர விரும்புபவர், வரிச்சலுகை அனுமதி பெற்ற அமைப்புக்கு நேராக அனுப்பட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது. விற்பனை முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு, செலவு, கொடுத்த ரசீது மூன்றும் நம் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும்.

ஐந்து, போட்டோ. தலைமுடி உதிர்ந்த குழந்தையை நடுவில் நிறுத்தி, பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுக்க வேண்டாம். நம் இதழுக்காகச் சிரிக்க வேண்டிய கடமை அந்தக் குழந்தைக்கு இல்லை. நம் கடையைப் படம் எடுப்போம், அது போதும்.

எண்ணெய்ச் சட்டி முன் நிற்க முடியாதவர்கள் துணிப்பை தைக்கலாம், குரோஷா பின்னலாம், கணக்கு எழுதலாம், மேஜை தூக்கலாம். நம் பிள்ளைகள் வாழ்த்து அட்டை செய்யட்டும், பலகையையும் அவர்களே எழுதட்டும். என்ன செய்ய முடியும் என்பதைச் சங்க அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் உங்கள் வீட்டு எண்ணோடு எழுதிவிடுங்கள். 500 ரூபாய் மட்டும் கொடுக்க விரும்புபவர்களுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.